விதைப்பையில் அச்சிட்ட வயது

ஆடுதுறை 43 நெல் ரகத்தின் விதைப்பையில் '110 நாள்' என்றிருக்கும். அதை நம்பி அறுவடை இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்கிறவர்கள் காவிரி டெல்டாவில் உண்டு. பயிரோ நாளை எண்ணுவதில்லை; வெப்பத்தைச் சேர்க்கிறது. ஒரு நாளின் சராசரி வெப்பநிலையில் சுமார் 10 டிகிரியைக் கழித்தால், மிச்சம் அன்றைய வளர்ச்சிக்கு. 30 டிகிரி நாளில் 20. 25 டிகிரி நாளில் 15. அதே ரகம் பனிக்காலத்தில் பிந்துவதும் வெயிலில் முந்துவதும் இதனால்தான்.

கதிர்க்கரு உருவானதிலிருந்து பூக்கச் சுமார் 35 நாள், பூத்து முற்றச் சுமார் 30 நாள். நம் வெப்பப் பகுதிகளில் எந்த ரகமானாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. 110 நாள் ரகத்துக்கும் 155 நாள் சி.ஆர். 1009-க்கும் உள்ள வித்தியாசம் அதற்கு முந்தைய, தூர் கட்டும் பருவத்தில்தான் இருக்கிறது.

ஆக, விதைக்கும் தேதியைக் குறிக்கும்போதே பூக்கும் தேதியும் குறித்தாயிற்று. இங்கேதான் கவனம் போதவில்லை என்பேன். நெற்பூ முற்பகலில் திறந்து ஒரு மணி நேரம் போல இருந்து மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் சரியாகக் கொட்டாது. கதிரில் பதர்தான் மிஞ்சும். ஜனவரிக் கடைசியில் விதைத்த 110 நாள் பயிர் ஏப்ரல் நடுவில் பூக்கும். இன்னும் மூன்று வாரம் தள்ளினால் கத்திரி வெயில். பதரைப் பார்த்துப் பூச்சி என்று நினைத்து மருந்துக்கடைக்கு ஓடுவதில் பயனில்லை. பூக்கும் வாரத்தில் வயலில் தண்ணீர் நின்றால், பயிர் நீராவியாக விட்டுத் தன்னைக் கொஞ்சம் குளிர்வித்துக்கொள்ளும். காற்றில் ஈரம் மிகுந்தால் அந்தக் குளிர்ச்சியும் குறைவு.

இரவு வெப்பமும் சும்மா விடுவதில்லை. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், வறண்ட பருவப் பயிர்க்காலத்தில் குறைந்தபட்ச வெப்பநிலை ஒரு டிகிரி கூடியபோது மகசூல் 10 சதவீதம் சரிந்தது.

விதைக்கும் தேதியோ டெல்டாவில் தண்ணீரைப் பொறுத்தது. மேட்டூர் அணை திறப்புக்கு வழக்கமான நாள் ஜூன் 12. மூடுவது ஜனவரி 28. திறப்பு ஒரு மாதம் பிந்தினால் குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையில் மாட்டும். அடுத்த பயிரும் பிந்தி, அக்டோபரில் சி.ஆர். 1009 விதைத்தால் அது மார்ச் வரை நிற்கும். அணை மூடியபின் வாய்க்காலில் தண்ணீர் இருக்காது. 125 நாள் ஆடுதுறை 39 போன்றதற்கு மாறுவதே மேல்.

ஆழ்துளைக் கிணற்றை நம்பி நாற்று விட்டு, வாய்க்கால் தண்ணீருக்குக் காத்திருப்பவர்கள் இன்னொரு வகை. நாற்றங்காலிலும் வெப்பம் சேர்கிறது. 110 நாள் ரகத்தில் ஏறத்தாழ 45-ஆம் நாள் கதிர்க்கரு உருவாகும். 40 நாள் நாற்றை நட்டால் தூர் கட்டக் கிடைப்பது ஐந்தாறு நாள்தான். அப்படி நட நேர்ந்தால் குத்துக்கு நாற்றைக் கூட்டி, இடைவெளியைக் குறைத்து நடவேண்டும்.