தங்க மண்வெட்டியும் பட்டாவும்

மைன்கிராஃப்டில் கதையாடல் என்று ஒன்றும் கட்டாயமில்லை. கட்டைகளால் ஆன உலகம். வெட்டலாம், அடுக்கலாம், அவ்வளவுதான். ஆசிரியன் செத்துப்போன பிரதி என்று நம்மவர்கள் இதைக் கொண்டாடிவிடக் கூடும். தனியாக ஆடும்வரை அது சரி. இணையத்தில் பத்துப் பேர் ஒரே உலகத்துக்குள் இறங்கியதும் காணிச் சண்டை வந்துவிடுகிறது.

நிலம் பத்தவில்லையா? ஜாவா பதிப்பில் உலகத்தின் அகலம் ஏறக்குறைய 6 கோடி கட்டைகள். ஒரு கட்டை ஒரு மீட்டர். அப்படியும் அடுத்தவன் வீட்டைத்தான் இடிக்கிறான், பெட்டியிலுள்ள வைரத்தைத்தான் எடுக்கிறான். பாலசமுத்திரத்தில் நாலு விரற்கடை வரப்புக்கு வெட்டிக்கொண்டவர்களைப் பார்த்த எனக்கு இது வேறு சங்கதியாகப்பட்டது. இங்கே பறிபோவது நிலமல்ல, இரவெல்லாம் வெட்டிச் சேர்த்த உழைப்பு.

இதற்குப் பல சர்வர்களில் 'கிரீஃப் பிரிவென்ஷன்' என்றொரு நிரலைச் சேர்த்திருக்கிறார்கள். தங்க மண்வெட்டியால் எதிரெதிர் மூலைகள் இரண்டைத் தொட்டால் இடம் உங்கள் பெயரில். மற்றவன் ஒரு கட்டையைக்கூடப் பெயர்க்க முடியாது. பட்டா வந்தாச்சு! சும்மா சொல்லக்கூடாது, எளியவனுக்கு அது பாதுகாப்புத்தான். விதிகளே வேண்டாமென்று 2010இல் தொடங்கிய 2பி2டி சர்வரில் புதிதாக இறங்குபவன் முதலில் பார்ப்பது இடிபாடுகளை.

ஆனால் அந்தப் பட்டாவை ரத்துசெய்யும் கட்டளை சர்வர் நடத்துபவர் கையில். அவர் கணினியை அணைத்தால் ஊரே இல்லை. பட்டா இருந்தும் நிலம் இல்லாமல் போவது பஞ்சமி நிலங்களின் கதை தெரிந்தவர்களுக்குப் புதிதல்ல. ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு சர்வரை வாடகைக்கு எடுக்கும் குழுக்களும் உண்டு. அங்கேயும் முதல் தகராறு, கட்டளை அதிகாரம் யாருக்கு என்பதில்தான்.