கெர்னலில் எதை விடுவது?

லினக்ஸ் கெர்னலைத் தாங்களே அமைத்து கம்பைல் செய்துகொள்பவர்களிடம் காரணம் கேட்டால், பலரும் வேகம் என்பார்கள். நினைவகம் குறைவாக இருந்த பழைய கணினிகளில் அது ஓரளவு உண்மை. இன்றைய மடிக்கணினியில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. நியாயமான காரணம் வேறு: தேவையில்லாத நிரலை உள்ளே விடாமல் இருப்பது.

கெர்னல் என்பது வன்பொருளுக்கும் மற்ற மென்பொருள்களுக்கும் நடுவில் நின்று நினைவகம், கோப்பு, நெட்வொர்க் எல்லாவற்றையும் பங்கிட்டுத் தரும் நிரல். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட முதல் பதிப்பு சுமார் 10,000 வரிகள்தான். இன்று மூலநிரல் 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. அதில் பாதிக்கு மேல் வன்பொருள்களை இயக்கும் டிரைவர்கள். அமைக்க உட்கார்ந்தால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தேர்வுகள் காத்திருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு விடை ஓர் எழுத்துதான். ‘ஒய்’ என்றால் அந்த வசதி கெர்னலோடு ஒட்டிவிடும். ‘எம்’ என்றால் தனி மாட்யூலாக இருந்து, வேண்டும்போது ஏறும். ‘என்’ என்றால் கம்பைலே ஆகாது. உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் விநியோகங்கள் எந்தக் கணினியில் போய் உட்காரப்போகின்றன என்று அவற்றுக்கே தெரியாது. அதனால் ஆயிரக்கணக்கான கேள்விகளுக்கு ‘எம்’ சொல்லி வைக்கின்றன.

பயன்படாத மாட்யூல் வட்டில் சும்மாதானே கிடக்கிறது, என்ன கெடுதல் என்று கேட்கலாம். ஓர் உதாரணம்: டிசிசிபி என்ற நெட்வொர்க் நெறிமுறை 2005இல் கெர்னலுக்குள் வந்தது. அதைப் பயன்படுத்தியவர்கள் மிகச் சிலரே. 2017 பிப்ரவரியில் ஆண்ட்ரே கொனோவாலோவ் என்ற ஆய்வாளர், சிஸ்காலர் என்னும் சோதனைக் கருவியைக் கொண்டு அதில் ஒரு பிழையைக் கண்டார்: விடுவித்த நினைவகத்தையே அது மறுபடி விடுவித்தது. கணினியில் சாதாரணக் கணக்கு வைத்திருப்பவர், அந்த வழியாக ரூட் என்னும் முழு நிர்வாக அதிகாரத்தைப் பிடிக்க முடியும். டிசிசிபி சாக்கெட் ஒன்றை அவர் கேட்டாலே போதும், தூங்கிக்கொண்டிருந்த மாட்யூல் தானாக ஏறிவிடும். ‘என்’ சொல்லியிருந்தவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. 2025இல் வந்த 6.16 பதிப்பில் டிசிசிபியையே நீக்கிவிட்டார்கள்.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. 2016இல் வெளிவந்த ‘டர்ட்டி கவ்’ பிழை நினைவக நிர்வாகத்தின் நடுவிலேயே இருந்தது; அதை எந்த ‘என்’னும் தடுத்திருக்காது. சொந்தமாக அமைப்பவர் பாதுகாப்புத் திருத்தங்களையும் தானே சுமக்க வேண்டும். அதில் சோம்பினால் மிச்சம் பிடித்ததைவிட இழப்பே அதிகம். தவறுகளும் எளிது. ரூட் வட்டின் கோப்பு முறைமைக்கு ‘எம்’ சொல்லிவிட்டு, துவக்கத்தில் அந்த மாட்யூலைத் தரும் இனிட்ராம்எஃப்எஸ் சேர்க்காமல் விட்டால், கணினி துவங்கும்போதே கெர்னல் நின்றுபோகும் ‘பேனிக்’தான். ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொள்ளும் ‘மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்’ கட்டளை வசதியானது. ஆனால் அன்று பிரிண்டரைச் செருகாமல் இருந்தால் அதன் டிரைவரும் போய்விடும். இப்படி ஏதாவது ஆனால் திரும்பிப் போகத்தான் பழைய கெர்னலை கிரப் என்னும் துவக்கப் பட்டியலில் விட்டுவைப்பது.

ஆகவே கெர்னலை முழுதாக அமைப்பது ரவுட்டர், கண்காணிப்புக் கேமரா செய்பவர்களின் வேலை என்றே தோன்றுகிறது. உள்ளே என்ன வன்பொருள் என்று அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். வீட்டுக் கணினிக்கு, வேண்டாத மாட்யூல் ஏறாதபடி மாட்யூல்களை ஏற்றும் மோட்புரோப் கருவியின் அமைப்பில் ஒரு வரி எழுதினால் போதும். டிசிசிபிக்கு அப்போது சொன்ன தற்காலிக மருந்தும் அதுவே. எதைத் தடுப்பது என்று பார்க்க, உபுண்டுவில் பூட் கோப்புறையிலேயே அதன் கெர்னலுக்குச் சொன்ன ‘ஒய்’, ‘எம்’, ‘என்’ விடைகள் எல்லாம் சாதாரண உரைக்கோப்பாக இருக்கின்றன. படிக்க ரூட் அனுமதிகூடத் தேவையில்லை.