ஊசியிலை மரத் துண்டுகளில் பாக்டீரியா வழி வேர் தூண்டல்

ஊசியிலை மரத் துண்டுகளில் பாக்டீரியா வழி வேர் தூண்டல் என்பது, பைன், லார்ச் போன்ற மரங்களிலிருந்து வெட்டிய தண்டுத் துண்டுகளுக்குள் அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் என்னும் மண் பாக்டீரியாவின் மரபணுக்களைச் செலுத்தி வேர்விடச் செய்யும் முறையாகும். இப்பாக்டீரியா தற்போது ரைசோபியம் ரைசோஜீன்ஸ் என்றும் அழைக்கப்படுகிறது. இயற்கையில் இது மயிர்வேர் நோயை உண்டாக்குகிறது. காயம்பட்ட இடத்தில் மெல்லிய வேர்கள் கொத்தாகக் கிளம்புவது இந்நோயின் அறிகுறியாகும்.

தேவை

வில்லோ, பாப்லர் மரங்களின் கிளையை ஈர மண்ணில் ஊன்றினாலே வேர்பிடிக்கும். ஊசியிலை மரங்கள் பெரும்பாலும் அப்படியல்ல. இளங்கன்றின் துண்டுகள் ஓரளவு எளிதாக வேர்விடும். மரம் முதிர முதிர அத்திறன் குறையும். ஆனால் ஒரு மரம் நேராக வளருமா, நோயைத் தாங்குமா, நல்ல கட்டை தருமா என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரியவரும். வேர்விடும் வயதில் தரம் தெரியாது; தரம் தெரியும் வயதில் துண்டு வேர்விடாது. விதைக்கன்றில் மற்றொரு மரத்தின் பண்புகளும் கலப்பதால் அது தாய்மரத்தின் நேர் நகல் ஆகாது. துண்டுகளில் வழக்கமாக இடப்படும் இன்டோல் பியூட்டிரிக் அமிலம் போன்ற ஆக்சின்களும் முதிர்ந்த மரங்களில் பெரும்பாலும் போதிய பலன் தருவதில்லை.

செயல்படும் விதம்

காயம்பட்ட தாவரச் செல்கள் பீனால் வகைச் சேர்மங்களை வெளியிடுகின்றன. இவற்றை உணரும் பாக்டீரியாவில் 'விர்' மரபணுக்கள் செயல்படத் தொடங்கும். பாக்டீரியாவிலுள்ள ஆர்ஐ பிளாஸ்மிட்டின் ஒரு பகுதியான டி-டிஎன்ஏ, தாவரச் செல்லுக்குள் சென்று அதன் மரபுத்தொகுதியில் இணைகிறது. இந்த இணைவு 1982இல் நிறுவப்பட்டது. டி-டிஎன்ஏவில் உள்ள 'ரோல்' மரபணுக்களே வேர் உருவாக்கத்துக்குக் காரணம். இவற்றுள் 'ரோல் பி' முதன்மையானது.

செய்முறை

துண்டின் அடிப்பகுதி புதிதாக வெட்டப்பட்டு, பாக்டீரியா கலந்த நீர்மத்தில் நனைக்கப்படும். சில நாட்கள் இரண்டும் சேர்ந்திருந்த பின், ஆய்வகத்தில் வளர்க்கப்படும் துண்டுகளில் செஃபோடாக்சிம் போன்ற நுண்ணுயிர்க்கொல்லியால் பாக்டீரியா நீக்கப்படும். இவ்வாறு வேர்விட்ட கன்றில் வேர்ப்பகுதி மட்டுமே மரபணு மாற்றம் பெறுகிறது. மேலுள்ள தண்டும் இலைகளும் தாய்மரத்தின் மரபணு அமைப்பையே கொண்டிருக்கும்.

ஆய்வுகள்

1991இல் ஐரோப்பிய லார்ச்சில் இப்பாக்டீரியா வழியாக மரபணு மாற்றம் செய்து முழுத் தாவரங்கள் உருவாக்கப்பட்டன. 1993இல் பைன், லார்ச் இனங்களின் தண்டுகளில் வேர் தூண்டல் ஆராயப்பட்டது.

வேர் முளைத்ததாலேயே மரபணு மாற்றம் நிகழ்ந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. பாக்டீரியா தானே ஆக்சின் சுரப்பதால், டி-டிஎன்ஏ நுழையாமலும் வேர் தோன்றக்கூடும். எனவே வேரில் 'ரோல்' மரபணு உள்ளதா என்று பிசிஆர் சோதனை செய்யப்படுகிறது. 'விர்' மரபணு தாவரத்துக்குள் செல்லாது என்பதால், அதுவும் தென்பட்டால் எஞ்சிய பாக்டீரியாவே சோதனையில் சிக்கியுள்ளது எனக் கொள்ளலாம்.

வரம்புகள்

மர இனம், வயது, பாக்டீரியாவின் திரிபு ஆகியவற்றைப் பொறுத்து பலன் பெரிதும் மாறுபடும். மயிர்வேர்கள் அதிகம் கிளைத்துப் பக்கவாட்டில் பரவும் இயல்புடையவை. பல பத்தாண்டுகள் நிற்க வேண்டிய மரத்தை இவ்வேர்கள் காற்றிலும் வறட்சியிலும் தாங்குமா என்பதை ஆய்வகக் குடுவையில் அறிய இயலாது. இப்பாக்டீரியா நோய்க்கிருமி என்பதால், கன்று வெளியே நடப்படும் முன் அது முற்றிலும் நீக்கப்பட வேண்டும்.

இக்காரணங்களால் இம்முறை பெரும்பாலும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. நாற்றங்கால்கள் இளம் தாய்ச்செடிகளை அடிக்கடி கத்தரித்து அவற்றின் துண்டுகளை வேர்விடச் செய்கின்றன. விதைக்கருத் திசுவை உறைநிலையில் சேமித்து, அதிலிருந்து வளர்த்த மரங்களின் தரம் தெரிந்தபின் அதே திசுவிலிருந்து கன்றுகளைப் பெருக்குவது மற்றொரு வழியாகும்.