முள் ஏன் அசையவில்லை?

நீடாமங்கலத்தில் பரணிலிருந்து இறக்கிய பழைய அமெச்சூர் வானொலிப் பெட்டி. ஒலி கேட்கிறது; அலைவலிமை காட்டும் முள் மட்டும் அசையவில்லை. மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து மீட்டரைச் சோதிக்கலாமா? கூடாது! அதனுள் 1.5 வோல்ட் மின்கலம் இருக்கிறதென்று கொள்ளுங்கள். மீட்டர் சுருளின் தடை 1,000 ஓம் என்றால் ஏறத்தாழ 1.5 மில்லி ஆம்பியர் பாயும். 100 மைக்ரோ ஆம்பியருக்கே முழுவதும் திரும்பும் முள்ளுக்கு இது 15 மடங்கு! முள் வளையும், சுருளும் கருகலாம்.

பெட்டியைத் திறப்பது பெரியவர் வேலை. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் வால்வுப் பெட்டியின் மின்தேக்கிகளில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். மீட்டரைத் தனியே கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள். மின்கலத்துடன் 1 லட்சம் ஓம் தடையைத் தொடரில் இணைத்துத் தொடுங்கள். ஏழில் ஒரு பங்கு நகர்ந்தால் மீட்டர் நலம்; கோளாறு பெட்டியில். அசையவே இல்லையென்றால் சுருளோ, மயிரிழை வில்லோ அறுந்திருக்கலாம். நடுவில் தயங்கி நின்றால், காந்த இடைவெளியில் இரும்புத்துகள் இருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டுநாடாவின் முனையால் எடுத்துவிடலாம்.