முகப்பில் இறக்கிவிடும் சர்வர்கள்

பிரவுசர் சர்வருக்கு அனுப்பும் விண்ணப்பத்தில், வந்திருப்பது இன்ன பிரவுசர், இன்ன சாதனம் என்று தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் ‘யூசர் ஏஜென்ட்’ என்ற வரி உண்டென்று சென்ற வாரம் சொன்னேன். அந்த ஒரு வரியை நம்பி இணையதளங்கள் நடத்திய வியவகாரமே இவ்வாரத்து விஷயம்.

2007-ல் ஐபோன் வெளிவந்து, கைப்பேசியில் இணையம் பார்ப்பது சர்வசாதாரணமாகிவிட்ட பிறகு, பெரிய திரைக்கென்று சமைத்த பக்கங்களைச் சிறிய திரையில் காட்டுவது உசிதமன்று என்று கருதிய தளங்கள் பல, முகவரிக்கு முன்னால் ‘எம்’ என்ற ஓரெழுத்தைச் சேர்த்துத் தனியே ஒரு சிறு தளத்தை ஸ்தாபித்து, கைப்பேசியின் லட்சணம் தென்பட்ட மாத்திரத்தில், தற்காலிக மாற்றம் என்பதைக் குறிக்கும் 302 என்ற குறியெண்ணோடு வாசகரை அங்கே திருப்பிவிட்டன. ஏற்பாடு என்னவோ நியாயமானதுதான். எந்தப் பக்கத்துக்குத் திருப்புவது என்பதில்தான் அசிரத்தை புகுந்தது. ரயில் நேரத்தைத் தேடி, அகப்பட்ட லிங்கைத் தொடுகிறீர்கள். அட்டவணைக்குப் பதிலாகத் தளத்தின் முகப்பு பளபளவென்று வந்து நிற்கிறது. கீழக்கோடித் தெருவுக்கு வண்டி பேசியவரை ஊர் எல்லையிலேயே இறக்கிவிட்ட கதைதான்.

கைப்பேசிக்காரர் அனைவரையும் முகப்புக்கு அனுப்ப ஒரே ஒரு விதி எழுதினால் போதும். பக்கத்துக்குப் பக்கம் ஜோடி சேர்ப்பதற்கோ சிரத்தை வேண்டும். 2013-ல் கூகுள், இப்படி முகப்புக்குத் திருப்புவதைப் பகிரங்கமாகவே குற்றமென்று சொல்லி, ஜோடிப் பக்கம் இல்லையென்றால் பெரிய திரைப் பக்கத்தையே காட்டிவிடுங்கள் என்று யோசனையும் கூறியது. மறு வருஷம், அமெரிக்காவில் ஆங்கிலத்தில் தேடுவோருக்கு, இத்தகைய லிங்குகளின் கீழே, இது முகப்புக்குக் கொண்டுபோய்விடக்கூடும் என்ற எச்சரிக்கையையும் அச்சிடத் தொடங்கிற்று. வியாபாரிகளுக்கு உபதேசத்தைவிட இது சீக்கிரம் உறைத்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு சூட்சுமம். பக்கங்களைப் பிரதியெடுத்து வைத்திருந்து, கேட்பவருக்கெல்லாம் கொடுக்கும் ‘கேஷ்’ என்ற இடைக் கிடங்கு, கைப்பேசிக்கென்று கொடுத்த விடையையே மேஜைக் கணினிக்கும் கொடுத்துவிடலாம். விடை சாதனத்துக்குச் சாதனம் மாறும் என்று அதற்குத் தெரிவிக்க, ‘வேரி’ என்ற தலைப்பு வரியைச் சர்வர் தவறாமல் சேர்த்தனுப்ப வேண்டும்.

இத்தொல்லைகளுக்கு மாற்றுவழியும் முன்பே இருந்தது. 2010 மே மாதத்தில் ஈதன் மார்காட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், திரையின் அகலத்துக்கேற்ப ஒரே பக்கம் தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் ‘ரெஸ்பான்ஸிவ்’ முறையை ஒரு கட்டுரையில் விவரித்தார். யூசர் ஏஜென்டின் வாக்குமூலத்தை நம்பியிருக்க வேண்டிய அவசியம் அதில் இல்லை. அந்த வாக்கோ நாளடைவில் நம்பத் தகாததாகவே போயிற்று: 2019 முதல் ஐபேடின் ஸஃபாரி, தன்னை மேக் கணினி என்றே அறிமுகம் செய்துகொள்ளலாயிற்று.

ஆகவே பல தளங்கள் ‘எம்’ முகவரியைக் கைவிட்டன. கைவிடும்போதும் பழைய வேலை விடவில்லை. கடிதங்களிலும் குறிப்பேடுகளிலும் தங்கிப்போன ‘எம்’ லிங்கு ஒவ்வொன்றையும், இம்முறை நிரந்தர மாற்றம் என்பதைக் குறிக்கும் 301 எண்ணோடு, அதனதன் பக்கத்துக்கே திருப்பியாக வேண்டும். அங்கேயும் முகப்புக்கு ஒரே விதியெழுதிக் கையலம்பிவிடுகிறவர்கள் இருக்கவே இருக்கிறார்கள்.