ஜெல்லிக்குள் பதுங்கிய சரக்கு! 4 கப் விழுங்கினால் ஒரு ஸ்மால்: பெரு நாட்டு விருந்தின் ருசியும் கணக்கும்

பார்த்தால் பச்சைப்பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கிற மிட்டாய் மாதிரி இருக்கிறது. விரல் நீள பிளாஸ்டிக் கப். அதற்குள் ஊதா, பச்சை, மஞ்சள் என்று தளதளவென ஜெல்லி. தொட்டால் ஆடுகிறது. வாயில் போட்டால் வழுக்கிக்கொண்டு போகிறது.

உள்ளே போனது ஜெல்லி மட்டும் அல்ல. சரக்கும் சேர்ந்து போயிருக்கிறது!

இதற்கு "ஜெல்லி ஷாட்" என்று பெயர். வெளிநாடுகளில் வீட்டு விருந்து என்றால் இது இல்லாமல் இருக்காது. தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாட்டின் "பிஸ்கோ" என்ற திராட்சைச் சாராயத்தை ஊற்றிச் செய்தால், ருசியில் மற்றதை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டு விடும். கணக்குத் தெரியாமல் விழுங்கினால் ஆளையே சாய்த்து விடும்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

"பானம்தானே கூடாது?"

அமெரிக்காவில் டாம் லேரர் என்று ஒருவர். கணக்கு வாத்தியார். கிண்டல் பாட்டு எழுதிப் பாடிப் புகழ் பெற்றவர். 1955-ம் ஆண்டு முதல் 1957 வரை ராணுவத்தில் இருந்தார்.

அப்போது ஒரு கிறிஸ்துமஸ் விருந்து. முகாமுக்குள் மதுபானம் கூடாது என்பது உத்தரவு. வாத்தியார் யோசித்தார். பானம்தானே கூடாது? கெட்டியாக இருந்தால்? ஓட்காவை ஜெல்லியில் கலந்து உறைய வைத்து விருந்துக்குக் கொண்டு போய்விட்டார். பிற்காலத்தில் அவரே பேட்டியில் சொன்ன கதை இது. 2025-ல் தமது 97-வது வயதில் காலமானார்.

ஆனால் இந்த வித்தை அதற்கும் ரொம்ப முந்தியது. 1862-ல் ஜெரி தாமஸ் என்ற அமெரிக்க மது கலப்பு நிபுணர் எழுதிய புத்தகத்திலேயே "பஞ்ச் ஜெல்லி" இருக்கிறது. சரக்கின் வேகம் ஜெல்லிக்குள் மறைந்து விடுகிறது, அளவோடு சாப்பிடுங்கள் என்று அவர் அப்போதே எச்சரித்திருக்கிறார். 160 வருஷம் ஆகியும் அதே எச்சரிக்கைதான். ஆட்கள்தான் கேட்டபாடு இல்லை.

தெருவெல்லாம் ஜெல்லி

பெரு நாட்டுக்காரர்கள் ஜெல்லிப் பைத்தியம். தலைநகர் லிமாவில் மார்க்கெட் வாசலில், தள்ளுவண்டியில், பிளாஸ்டிக் கப்பில் ஜெல்லி விற்கிறார்கள். "ஹெலத்தீனா" என்பது அங்கே பெயர். சிவப்பு ஜெல்லிக்கு மேல் முட்டையும் பாலும் கலந்த இனிப்பை ஒரு அடுக்கு ஊற்றிக் கொடுப்பதும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளில் இருந்து ஆபீஸ் குமாஸ்தா வரை நின்றபடியே ஸ்பூன் போட்டுச் சாப்பிட்டு விட்டுப் போகிறார்கள். நம் ஊரில் சுண்டல் மாதிரி.

இங்கேதான் சிக்கல். கப்பில் ஜெல்லி என்றாலே தின்பண்டம் என்று பழகிய வீடு. விருந்து நாளில் அதே மாதிரி கப்பில், அதே நிறத்தில், பிஸ்கோ ஜெல்லியும் பிரிட்ஜில் உட்கார்ந்திருக்கிறது. பிரிட்ஜைத் திறக்கிற 5 வயதுப் பிள்ளைக்கு எது எது என்று எப்படித் தெரியும்?

சின்னப் பிள்ளைகள் உடம்பில் சாராயம் போனால் ரத்தத்தில் சர்க்கரை சடாரென்று இறங்கி விடும். மயக்கம், வலிப்பு வரை கொண்டு போய் விடும். பெரியவர்களுக்குச் சும்மா கிறுகிறுக்கிற அளவே பிள்ளைக்கு ஆபத்து. விவரம் தெரிந்த வீடுகளில் சரக்கு ஜெல்லியை மூடிபோட்ட டப்பாவில், எட்டாத மேல்தட்டில் வைக்கிறார்கள். பிள்ளைகள் ஜெல்லிக்கு வேறு வடிவக் கப். நிறமும் வேறு.

கிண்டி வரை வந்த வழக்கு

பிஸ்கோ சாதாரண சரக்கு அல்ல. திராட்சைச் சாற்றைப் புளிக்க வைத்து, வடித்து எடுப்பது. ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 7, 8 கிலோ திராட்சை வேண்டும். வடித்த பிறகு ஒரு சொட்டு தண்ணீர் சேர்க்கக் கூடாது என்பது பெரு நாட்டு விதி. குறைந்தது 3 மாதம் ஊற வேண்டும். மரப் பீப்பாய் கூடாது. ஆகவே நிறமே இல்லாமல் பளிங்கு மாதிரி இருக்கும். வேகம் 38 முதல் 48 சதவீதம்.

இந்தப் பெயருக்குப் பக்கத்து நாடான சிலியும் சொந்தம் கொண்டாடுகிறது. 1936-ல் தங்கள் ஊர் ஒன்றின் பெயரையே "பிஸ்கோ எல்கி" என்று மாற்றிக் கொண்டார்கள் சிலிக்காரர்கள். அடேயப்பா!

இரண்டு நாட்டுச் சண்டை நம் சென்னை வரை வந்தது பலருக்குத் தெரியாது. மதுரை மல்லிக்கும் திண்டுக்கல் பூட்டுக்கும் புவிசார் குறியீடு கொடுத்த அலுவலகம் கிண்டியில் இருக்கிறது அல்லவா? தினமும் மின்சார ரெயிலில் அந்த வழியாகத்தான் பலர் வேலைக்குப் போகிறீர்கள். பிஸ்கோ என்ற பெயர் எங்களுக்குத்தான் என்று அந்த அலுவலகத்தில் 2005-ல் பெரு நாடு மனுப் போட்டது. "பெருவியன் பிஸ்கோ" என்று வேண்டுமானால் தருகிறோம் என்றார்கள். பெரு விடவில்லை. அப்பீல் போனது. 2018-ல் மேல்முறையீட்டு வாரியம் பெரு பக்கம் தீர்ப்புச் சொன்னது. சிலிக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2025 ஜூலையில் டெல்லி ஐகோர்ட்டு, நாட்டின் பெயரைச் சேர்த்தே போட வேண்டும், சிலியும் தன் பெயரைச் சேர்த்துக் கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. ஒரு பாட்டிலுக்கு 20 வருஷ வழக்கு!

எப்படிச் செய்கிறார்கள்?

பெருவில் ஊதா நிற மக்காச்சோளம் விளைகிறது. அந்தக் கதிரை அன்னாசித் தோல், பட்டை, கிராம்பு போட்டுக் கொதிக்க வைத்து வடிகட்டி, சர்க்கரையும் எலுமிச்சம் பழமும் பிழிந்தால் "சிச்சா மொராதா". சரக்கு கிடையாது. பிள்ளைகளுக்கும் கொடுக்கிற பானம். ஜெல்லிக்கு இதைவிட நல்ல சாறு கிடையாது என்பேன். நிறத்துக்கே காசு கொடுக்கலாம்.

சாறு 250 மில்லி. அதில் 50 மில்லியை ஆற வைத்து, 14 கிராம் ஜெலட்டின் தூளைத் தூவி 5 நிமிடம் ஊற விட வேண்டும். மீதி 200 மில்லியைச் சூடாக்கி அதில் ஊற்றிக் கரைக்க வேண்டும். வெதுவெதுப்பாக ஆறிய பிறகுதான் 150 மில்லி பிஸ்கோ. கொதிக்கும்போது ஊற்றினால் சரக்கு ஆவியாகப் போய்விடும். காசும் போய்விடும். 20 மில்லி வீதம் 20 கப். பிரிட்ஜில் 4 மணி நேரம்.

சாறாகச் சிச்சா இல்லாமல் எலுமிச்சையும் சர்க்கரைப் பாகும் தண்ணீரும் கலந்து ஊற்றினால், அது "பிஸ்கோ சவர்" ஜெல்லி. பிஸ்கோ சவர் என்ற பானத்தை லிமாவில் பிரபலமாக்கியவர் விக்டர் மாரிஸ் என்ற அமெரிக்கர். 1916-ல் அங்கே பார் திறந்தார். பிற்பாடுதான் முட்டை வெள்ளையை நுரைக்க அடித்துச் சேர்ப்பது வழக்கத்துக்கு வந்தது. ஜெல்லிக்கு அது வேண்டாம். பெருவில் பிழிகிற எலுமிச்சை, நம் ஊர் சின்ன எலுமிச்சை ரகம்தான்.

பச்சை அன்னாசி, பச்சைப் பப்பாளிச் சாறு ஊற்றினால் ஜெல்லி உறையவே உறையாது. அந்தப் பழங்களில் உள்ள ஒரு சத்து ஜெலட்டினை அறுத்து விடும். கொதிக்க வைத்தால் அந்தச் சத்து செத்து விடும். சிச்சாவில் அன்னாசித் தோல் இருந்தும் ஜெல்லி உறைகிற ரகசியம் இதுதான். சைவர்கள் கவனத்துக்கு: ஜெலட்டின் என்பது மாடு, பன்றியின் தோலும் எலும்பும். கடல்பாசியில் செய்தால் அந்தக் கவலை இல்லை. ஆனால் வாயில் கரையாது, கடிக்க வேண்டும்.

கணக்கு இதுதான்

150 மில்லி பிஸ்கோவில் 40 சதவீதம் என்றால் 60 மில்லி சுத்தமான சாராயம். 20 கப்பில் பிரித்தால் தலைக்கு 3 மில்லி. நம் ஊர் ஸ்மால், அதாவது 30 மில்லி விஸ்கியில் ஏறத்தாழ 13 மில்லி. ஆக, 4 கப் விழுங்கினால் கிட்டத்தட்ட ஒரு ஸ்மால்.

கிளாசில் குடிக்கிறவனுக்குத் தொண்டை எரியும். முகம் சுளிக்கும். உடம்பே "போதும்" என்று சொல்லும். ஜெல்லியில் அது ஒன்றும் கிடையாது. இனிப்பு, குளிர்ச்சி, ஒரே விழுங்கு. பேச்சு சுவாரசியத்தில் 12 கப் காலியாகும். அது 3 ஸ்மால். போதை தலைக்கு ஏற அரை மணி, ஒரு மணி ஆகும். "ஒண்ணுமே செய்யலையே" என்று அடுத்த தட்டை இழுக்கிறவன்தான் மாட்டிக் கொள்கிறவன். பிறகு ஸ்கூட்டர் சாவியைத் தேடுவான்.

பிஸ்கோவைப் பாதிக்குப் பாதி ஊற்றுகிற சூரர்களும் உண்டு. அப்போது 3 கப்பிலேயே ஒரு ஸ்மால். ஜெல்லியும் சரியாக நிற்காது.

இதைவிட மோசம் பாட்டில் விஷயம். 2022-ல் லிமாவில் மெத்தனால் கலந்த மலிவு சரக்கைக் குடித்துப் பலர் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் பலிகொண்டதும் இதே மெத்தனால்தான். நிறத்திலோ ருசியிலோ கண்டுபிடிக்க முடியாது. சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்த ஜெல்லியில் கேட்கவே வேண்டாம். பார்வை மங்குவது, வயிற்று வலி, மூச்சு வாங்குவது தெரிந்தால் தூங்கினால் சரியாகும் என்று படுக்க விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். சீல் உடையாத பாட்டில் என்றால் மட்டுமே லிமாவில் விவரமானவர்கள் கை வைக்கிறார்கள்.

வெறும் வயிறு கூடாது

பெருக்காரர்களிடம் பிடித்த விஷயம், சரக்கை விடச் சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். வெறும் வயிற்றில் கப்பை எடுக்க விட மாட்டார்கள்.

சாயங்காலம் தெருவோரத்தில் கரி அடுப்பு வைத்து "ஆன்டிகூச்சோ" சுடுகிறார்கள். மாட்டு இதயத்தைத் துண்டு போட்டு, சிவப்பு மிளகாய் விழுதும் வினிகரும் தடவி, குச்சியில் குத்திச் சுடுவது. அடிமைகளாகக் கொண்டு வரப்பட்ட ஆப்பிரிக்கர்கள், எஜமான் வேண்டாம் என்று ஒதுக்கிய உறுப்பை வைத்து உண்டாக்கிய ருசி என்கிறார்கள். இப்போது எஜமான் வீட்டுப் பேரனும் கியூவில் நிற்கிறான்.

உருளைக்கிழங்கின் தாய்வீடே அந்தப் பக்கத்து ஆண்டிஸ் மலைதான். பெருவில் 3 ஆயிரத்துக்கு மேல் ரகங்கள். வேக வைத்து மசித்து, மஞ்சள் மிளகாய் விழுதும் எலுமிச்சையும் பிசைந்து, நடுவில் கோழியோ மீனோ வைத்து அடுக்கினால் "காவ்சா". குளிர்ச்சியாகவே பரிமாறுகிறார்கள். ஜெல்லிக்குப் பக்கத்தில் வைக்க இதற்கு இணை இல்லை.

மீன் பிரியர்களுக்கு "செவிச்சே". அன்றைக்குப் பிடித்த கடல் மீனைத் துண்டு போட்டு, எலுமிச்சைச் சாறு, வெங்காயம், மிளகாய், கொத்தமல்லி. அடுப்பே கிடையாது. புளிப்பிலேயே மீன் வெளுத்துக் கெட்டியாகும். ஆனால் கிருமி சாகாது என்பதால் மீன் புதிசாக இருந்தே தீர வேண்டும். கூடவே சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வறுத்த சோளமும். 2023-ல் யுனெஸ்கோ இதைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

மீனில் ஊறிய அந்தப் புளிப்புச் சாற்றுக்கு "புலிப்பால்" என்று பெயர்! சின்ன கிளாசில் தனியாகவே விற்கிறார்கள். ராத்திரி ஜெல்லிக் கணக்கை விட்டவர்கள் மறுநாள் அதைத்தான் தேடிப் போகிறார்கள். தலைவலி போகும் என்பது அவர்கள் நம்பிக்கை.

போகிறவர்கள் மத்தியானத்துக்குள் போக வேண்டும். காலையில் வந்த மீனைச் சாயங்காலம் விற்பது வழக்கமில்லை என்பதால், செவிச்சே கடைகள் பெரும்பாலும் மதியச் சாப்பாட்டோடு மூடி விடுகின்றன.