முப்பது பந்துகளில் முப்பது ரன்: வெற்றி வாய்ப்பைக் கணக்கிடுவது எப்படி?

கிரிக்கெட் ஒளிபரப்பின்போது திரையின் ஓரத்தில் தோன்றும் வெற்றி வாய்ப்புச் சதவீதம், பழைய ஆட்டங்களின் தரவுகளைக் கொண்டு கணினி நிரல் கணக்கிட்டுத் தரும் நிகழ்தகவு ஆகும். ஒன்று நடப்பதற்கான வாய்ப்பை 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எண்ணாகச் சொல்வதே நிகழ்தகவு. அது நடந்தே தீரும் என்ற வாக்குறுதி அதில் கிடையாது. இதைப் பார்வையாளர்கள் மட்டுமன்றி, நிரல் எழுதிப் பழகும் மாணவர்களும் மறந்துவிடுவதால்தான், ஓர் ஆட்டத்தின் முடிவை வைத்தே கணிப்பு பலித்தது, பொய்த்தது என்று தீர்ப்பு எழுதப்படுகிறது.

கிரிக்கெட்டுக்குள் புள்ளியியல் அதிகாரபூர்வமாக நுழைந்ததற்கு மழையே காரணம். 1992 மார்ச் 22 அன்று சிட்னியில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியில், இங்கிலாந்துக்கு எதிராகத் தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்துகளில் 22 ரன்கள் தேவைப்பட்ட நிலையில் மழை பெய்ய, முதலில் ஆடிய அணி மிகக் குறைவாக ரன் எடுத்த ஓவர்களைக் கழிக்கும் அன்றைய விதியின்படி, கடைசியில் ஒரே பந்தில் 21 ரன்கள் எடுக்க வேண்டும் என்றாகிவிட்டது. இத்தகைய அநீதியைத் தவிர்க்க, இங்கிலாந்தின் புள்ளியியலாளர்களான ஃபிராங்க் டக்வொர்த்தும் டோனி லூயிஸும் உருவாக்கிய முறை 1997 ஜனவரி 1 அன்று ஜிம்பாப்வே–இங்கிலாந்து ஆட்டத்தில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. எஞ்சியுள்ள ஓவர்கள், கையிலுள்ள விக்கெட்டுகள் ஆகிய இரண்டையும் இணைத்து ‘வளம்’ என்ற ஒரே அளவாக மாற்றியதே அவர்களின் பெரும் பங்களிப்பு. அம்முறையின் அட்டவணை ஒன்றின்படி, விக்கெட் ஏதும் விழாமல் 25 ஓவர்கள் மீதமிருக்கும் அணியிடம், 50 ஓவர் ஆட்டத்துக்குரிய வளத்தில் 66.5 சதவீதம் இருக்கிறது. ஓவர்கள் பாதியானாலும் பத்து விக்கெட்டுகளும் அப்படியே இருப்பதால், வளம் பாதியாகக் குறைவதில்லை. கேரளத்தைச் சேர்ந்த பொறியாளர் ஜெயதேவன் வகுத்த மாற்று முறையும் உண்டு. தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் மழை குறுக்கிடும்போது இலக்கைத் திருத்துவது அம்முறையே.

இலக்கைத் திருத்துவதிலிருந்து வெற்றி வாய்ப்பைச் சொல்வது அடுத்த படி. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் ஸ்காட் புரூக்கரும் சீமஸ் ஹோகனும் உருவாக்கிய ‘வாஸ்ப்’ என்ற கணிப்பு முறை 2012-இல் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் இடம்பெற்றது. கடைசிப் பந்திலிருந்து பின்னோக்கி வந்து, ஒவ்வொரு நிலையிலும் அடுத்த பந்தில் ரன் கிடைப்பதற்கும் விக்கெட் விழுவதற்கும் உள்ள வாய்ப்புகளைக் கூட்டிக்கொண்டே செல்வது இதன் வழிமுறை.

இன்று இதே வேலையை ஒரு கல்லூரி மாணவர் தம் மடிக்கணினியிலேயே செய்துவிட முடியும். கிரிக்‌ஷீட் என்ற தளத்தில் பந்துவாரியான தரவு இலவசமாகக் கிடைக்கிறது. பைத்தான் மொழியில் சில பத்து வரிகள் எழுதினால், ஒவ்வொரு பந்தும் அட்டவணையில் ஒரு வரிசையாகிவிடும். 2024 ஜூன் 29 அன்று பார்படாஸில் நடந்த டி20 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் 15-ஆவது ஓவர் முடிந்தபோது, இலக்கு 177, எடுத்தது 147, இழந்த விக்கெட்டுகள் 4, எஞ்சிய பந்துகள் 30 என்பதே தென்னாப்பிரிக்காவின் வரிசை. இத்தகைய பல்லாயிரம் வரிசைகளையும் அந்தந்த ஆட்டத்தின் முடிவையும் ஒப்பிட்டு, எந்தக் காரணிக்கு எவ்வளவு எடை தருவது என்று கற்றுக்கொண்டு, விடையை 0-க்கும் 1-க்கும் இடையில் அடக்கித் தரும் முறைக்கு லாஜிஸ்டிக் ரிக்ரஷன் என்று பெயர்.

பெரும்பாலான மாணவர் திட்டங்கள் சறுக்குவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். வரிசைகளைக் கலைத்துப் போட்டு, ஒரு பகுதியைக் கற்பிக்கவும் மறு பகுதியைச் சோதிக்கவும் ஒதுக்கும்போது, ஒரே ஆட்டத்தின் பந்துகள் இரு பக்கமும் சிதறிவிடுகின்றன. முடிவு முன்பே தெரிந்த ஆட்டத்தில் நிரல் தேர்வு எழுதுவதால், கேள்வித்தாள் கசிந்த தேர்வைப் போலத் துல்லியம் பொய்யாக உயர்கிறது. முழு ஆட்டங்களாகப் பிரிப்பதும், முந்தைய ஆண்டுகளில் கற்பித்துப் பிந்தைய ஆண்டுகளில் சோதிப்பதுமே நேர்மையான வழி.

மேற்சொன்ன இறுதியாட்டத்துக்கு மீண்டும் வந்தால், 30 பந்துகளில் 30 ரன்கள் தேவை, ஆறு விக்கெட்டுகள் கையில், கிளாசனும் மில்லரும் களத்தில் என்ற நிலையைப் பார்க்கும் எந்த நல்ல நிரலும் தென்னாப்பிரிக்காவின் பக்கமே பெரிதும் சாய்ந்திருக்கும். அடுத்த ஓவரில் இந்தியாவின் பும்ரா 4 ரன்களே கொடுத்தார். 17-ஆவது ஓவரின் முதல் பந்தில் ஹர்திக் பாண்டியா கிளாசனை வெளியேற்றினார். முடிவில் இந்தியா 7 ரன்களில் வென்றது. இதனால் அந்த நிரல் தவறானது என்று ஆகிவிடாது. 90 சதவீதம் என்று சொல்லப்பட்ட நூறு தருணங்களில் ஏறத்தாழ பத்து முறை எதிரணி வெல்லத்தான் வேண்டும். ஒரு முறைகூட வெல்லவில்லை என்றால் அதுவே நிரலின் குறை. இதை அளக்க, சொன்ன நிகழ்தகவுக்கும் முடிவுக்கும் உள்ள இடைவெளியின் வர்க்கத்தைச் சராசரியாக்கும் பிரையர் மதிப்பெண் உதவுகிறது. பத்து ஆட்டங்களில் 0.9 என்று சொல்லி ஒன்பதில் சரியாக இருந்தால் அது 0.09, எப்போதும் 0.5 என்றே சொல்லிவந்தால் 0.25. எண் எவ்வளவு குறைகிறதோ, கணிப்பு அவ்வளவு சிறந்தது.

ஆட்டமே மாறிக்கொண்டிருப்பது இன்னொரு சிக்கல். ஐபிஎல்லில் 2013-இல் பெங்களூரு எடுத்த 263 ரன்களே பத்தாண்டுகளுக்கும் மேலாக உச்சமாக இருக்க, மாற்று வீரரைக் களமிறக்கும் ‘இம்பாக்ட் பிளேயர்’ விதி 2023-இல் வந்தது. மறு ஆண்டிலேயே ஹைதராபாத் 277, 287 உட்பட மும்முறை அந்த உச்சத்தைக் கடந்தது. பழைய தரவை மட்டும் படித்த நிரலுக்கு இத்தகைய இலக்குகள் அறிமுகமற்றவை.

அடுத்த ஆட்டத்தின் முடிவு உறுதி என்று கட்டணம் கேட்கும் செயலிகளும் குழுக்களும் பெருகிவரும் நிலையில், வாசகர்கள் அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதுவரை சொன்ன எல்லாக் கணிப்புகளையும், தவறியவற்றையும் சேர்த்து, தேதியுடன் வெளியிட்டிருக்கிறார்களா? அந்தப் பதிவைக் காட்டாதவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.